எதிர் நாற்காலியில் ஜே.கே.

நம் சங்க மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தரவேண்டும் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். காஞ்சிபுரம் பக்கத்து ஆள் எழுதினால் அது அறிஞர் அண்ணாவாகத்தான் இருக்கும் என்று பலரும் நினைத்திருக்கலாம். அண்ணாவைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஜே.கே. என்று உலகம் அழைக்கும் ஜே. கிருஷ்ணமூர்த்தி.

ஏன் அவர் என்று கேட்பீர்கள். ராத்திரி எட்டு மணி ஆனால் போதும், நம்ம வீடுகளில் டி.வி. விவாதம் தொடங்கிவிடுகிறது. கட்டம் கட்டமாக ஆறு முகங்கள். ஒருவர் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே புகுந்துவிடுகிறார். நடத்துகிறவர் நேரமில்லை, நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்தால், என்ன தெரிந்துகொண்டோம் என்று நமக்கே தெரிவதில்லை. இப்படி ஒரு நாள் எழுந்த பிறகுதான், டி.வி. கேமராவுக்கு முன்னால் இரண்டே நாற்காலி போட்டு, பதினெட்டு மணி நேரம் ஒரு பேராசிரியரோடு நிதானமாகப் பேசிய ஒரு முதியவரைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. நான் இருப்பது ஓரிக்கை. உத்திரமேரூர் சாலையில் பாலாற்றங்கரை ஓரம் இருக்கும் ஊர். இங்கே காஞ்சி மகா சுவாமிகளுக்கு முழுக்கக் கருங்கல்லால் மணிமண்டபம் எழுப்பி 2011-ல் குடமுழுக்கு செய்தார்கள். வெளியூர் நண்பர்கள் வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன். சுவாமிகள் பிறந்தது 1894 மே மாதம், விழுப்புரத்தில். ஜே.கே. பிறந்தது 1895 மே மாதம், மதனப்பள்ளியில். ஒரே ஒரு வருஷம்தான் வித்தியாசம். இருவரின் தகப்பனாரும் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். இருவரையுமே சிறுவர்களாக இருந்தபோது மற்றவர்கள் தேர்ந்தெடுத்து ஒரு பீடத்தில் உட்கார வைத்தார்கள். சுவாமிகள் 1907-ல் அந்தப் பொறுப்பை ஏற்று, 1994 ஜனவரி வரை அதிலேயே நின்றார். ஜே.கே. தனக்குப் போட்ட பீடத்தை 1929-ல் தானே கலைத்துவிட்டு இறங்கினார். ஒருவர் செய்தது சரி, மற்றவர் செய்தது தவறு என்று தராசு பிடிக்க நான் வரவில்லை. மணிமண்டபத்துப் படியில் உட்காரும்போதெல்லாம் இந்த இரண்டு பையன்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்கள், அவ்வளவுதான்.

மக்குப் பையன்

மதனப்பள்ளி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணம். தகப்பனார் நாராயணய்யா ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்தவர். தெலுங்கு பேசும் பிராமணக் குடும்பம். எட்டாவது பிள்ளை என்பதால் கண்ணன் பெயரை வைத்தார்கள். சின்ன வயதிலேயே மலேரியாக் காய்ச்சல் வந்து பையனைப் பாடாய்ப் படுத்தியது. பத்து வயதில் தாயாரையும் இழந்தான்.

தகப்பனார் பிரம்ம ஞான சபையில் நெடுநாள் உறுப்பினர். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சபையில் ஒரு வேலை தேடிக்கொண்டு, 1909 ஜனவரியில் பிள்ளைகளோடு சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார். சபை வளாகத்துக்கு வெளியே, வசதி எதுவும் இல்லாத ஒரு வீடு. கிருஷ்ணாவும் தம்பி நித்யாவும் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்வந்தார்கள். தம்பி படு கெட்டிக்காரன். அண்ணனோ வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தினமும் அடி. சபையில் இருந்த எர்னஸ்ட் வுட் என்ற வெள்ளைக்காரர் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தார். இந்தப் பையன் சுத்த மக்கு என்பதுதான் அவருடைய தீர்மானமாகவும் இருந்தது.

அதே 1909-ல், அடையாறு ஆறு கடலில் சேரும் இடத்தில் சார்லஸ் லெட்பீட்டர் என்ற பிரம்ம ஞான சபைப் பிரமுகர் இந்தப் பையனைக் கவனித்தார். உலகத்துக்கு வரப்போகும் ஞான குரு இவன் உடம்பில்தான் இறங்கப்போகிறார் என்று அறிவித்தார். எர்னஸ்ட் வுட்டுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஆனால் சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையார் அதை ஏற்றுக்கொண்டார். 1910-ல் இரு சிறுவர்களுக்கும் சட்டப்படி பாதுகாவலர் ஆனார். 1911-ல் வரப்போகும் குருவுக்காக 'கிழக்கின் நட்சத்திர சங்கம்' என்ற அமைப்பு உருவானது. அதற்குத் தலைவர் பதினாறு வயதுகூட நிறையாத கிருஷ்ணமூர்த்தி!

கொஞ்ச நாளில் தகப்பனாருக்கு மனம் மாறியது. பிள்ளைகளைத் திருப்பித் தரவேண்டும் என்று 1912-ல் வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தகப்பனார் பக்கம் தீர்ப்பளித்தது. அம்மையார் விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1914-ல் ஜெயித்தார். இரண்டு பிள்ளைகளும் அதற்குள் இங்கிலாந்தில் இருந்தார்கள். சொந்த ஊர் போயிற்று. நாளடைவில் தெலுங்கும் மறந்து போயிற்று. பிற்காலத்தில் சென்னையில் பேசும்போதும் ஜே.கே. ஆங்கிலத்தில்தான் பேசவேண்டி இருந்தது.

நம் மாணவத் தம்பி தங்கைகள் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உலக குரு என்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் கும்பிட்ட அந்த இளைஞரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளவில்லை. லண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதினார். திரும்பத் திரும்ப ஃபெயில். தம்பி நித்யா சட்டப் படிப்பில் தேறினார். அண்ணனிடம் கடைசிவரை ஒரு டிகிரி கிடையாது.

தம்பி போன பிறகு

நித்யாவுக்குக் காசநோய். அதற்கு நல்ல சீதோஷ்ணம் என்று 1922-ல் அண்ணனும் தம்பியும் கலிபோர்னியாவில் ஓஹாய் என்ற பள்ளத்தாக்கில் தங்கினார்கள். உலகப் பணிக்கு நித்யா தேவை, ஆகவே அவர் சாகமாட்டார் என்று சபைப் பெரியவர்கள் உறுதி சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் 1925 கடைசியில் அடையாறு பொன்விழாவுக்காகத் தம்பியை ஓஹாயில் விட்டுவிட்டு ஜே.கே. கப்பல் ஏறினார். கப்பல் சூயஸ் கால்வாயை நெருங்கியபோது தந்தி வந்தது. நவம்பர் 13-ஆம் தேதி நித்யா இறந்துவிட்டார்.

கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த வலி புரியும். பல நாள் அழுதார். தம்பியின் பெயரைச் சொல்லிப் புலம்பினார். ஆனால் அந்தத் துக்கத்தோடு இன்னொன்றும் உடைந்தது. பெரியவர்கள் உறுதியாகச் சொன்னது நடக்கவில்லை. அப்படியானால் அவர்கள் சொன்ன மற்றவை? இந்தக் கேள்வி உள்ளே போன பிறகு அவர் பழைய ஆளாக இல்லை.

1929 ஆகஸ்ட் 3. ஹாலந்து தேசத்தில் ஓமன் என்ற இடத்தில் சங்கத்தின் முகாம். மூவாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரும் எதிரே உட்கார்ந்திருந்தார். 34 வயது ஜே.கே. எழுந்து நின்று சங்கத்தைக் கலைத்தார். உண்மையை ஓர் அமைப்புக்குள் அடைக்க முடியாது என்பதையும், தன்னை யாரும் பின்பற்ற வேண்டாம் என்பதையும் விளக்கமாகச் சொன்னார். ஒரு பிரபு நன்கொடையாகக் கொடுத்திருந்த கோட்டையும் பரந்த நிலமும் திரும்பப் போயின. குரு பட்டத்தோடு, பணம், செல்வாக்கு, ஆள் பலம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டார். வளர்த்த தாய்க்கு அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இருவருக்கும் இடையே அன்பு போகவில்லை. அம்மையார் 1933-ல் அடையாறில் காலமானார்.

இதற்குப் பிறகு ஐம்பத்தாறு ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவர் பேச்சை ஆழ்ந்து கேட்டவர்களில் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி ஒருவர். நம் பிரதமர் இந்திரா காந்தி அவரைப் பலமுறை சந்தித்துப் பேசியிருக்கிறார். மதனப்பள்ளி பக்கத்தில் ரிஷி வேலி, காசியில் ராஜ்காட், இங்கிலாந்தில் பிராக்வுட் பார்க் என்று பள்ளிகள் வளர்ந்தன. நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. திருக்கழுக்குன்றம் தாண்டி வல்லிபுரத்தை அடுத்து, அவர் பெயரிலான அறக்கட்டளை 'பாடசாலா' என்ற பள்ளியை நடத்துகிறது. நம்ம ஓரிக்கையைத் தொட்டுப் போகும் பாலாறுதான் அந்தப் பக்கமும் போகிறது.

கேமராவுக்கு முன்னால்

ஜே.கே.யின் பேச்சு மேடைப் பேச்சு மாதிரி இருக்காது. முதுகு நிமிர்ந்த ஒரு சாதாரண நாற்காலி. கையில் குறிப்பு கிடையாது. மாலை, பொன்னாடை, அறிமுக உரை எதுவும் கிடையாது. டெலிவிஷன் என்ற சாதனம் வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. 1966-ல் ஓஹாயில் அவர் பேசியதை அமெரிக்கக் கல்வித் தொலைக்காட்சிக்காகப் படம் எடுத்தார்கள். 1968-ல் சமயங்களைப் பற்றி எழுதிப் பெயர் பெற்ற ஹூஸ்டன் ஸ்மித் கேமரா முன்னால் அவரைப் பேட்டி கண்டார்.

பெரிய முயற்சி நடந்தது 1974 பிப்ரவரியில். அமெரிக்காவில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமயத் துறைப் பேராசிரியர் ஆலன் டபிள்யூ. ஆண்டர்சன். சமஸ்கிருதம், கிரேக்கம், சீனம் என்று பல மரபுகளின் நூல்களைத் துருவிப் படித்தவர். அவரும் ஜே.கே.யும் எதிரெதிரே உட்கார்ந்து 18 உரையாடல்கள் நடத்தினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அறிவு, பொறுப்பு, உறவு, ஒழுங்கு, பயம், ஆசை, இன்பம், அழகு, காது கொடுத்துக் கேட்பது, மனம் புண்படுவது, மரணம், கல்வி, தியானம் என்று ஒன்றின் முடிவிலிருந்து அடுத்தது தொடங்கிப் போகும். ஜே.கே.க்கு அப்போது 78 வயது.

அந்தப் பதிவுகளைப் பார்த்தால் சில சங்கதிகள் புரியும். பேராசிரியர் ஏதாவது ஒரு சாஸ்திரத்திலிருந்து ஒரு கருத்தை எடுத்து வைப்பார். ஜே.கே. அதை மறுக்கவும் மாட்டார், ஆமோதிக்கவும் மாட்டார். அந்த நூலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நமக்கே இது எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமா என்ற பாணியில் திருப்புவார். பயம் என்றால் பயத்தின் இலக்கணத்தைப் பேசமாட்டார். இப்போது எனக்குள் இருக்கும் பயம் எங்கிருந்து முளைக்கிறது என்று கேட்பார். கேட்டுவிட்டு நிறுத்துவார். சில விநாடிகள் யாரும் பேசமாட்டார்கள். இன்றைய டி.வி.யில் அப்படி ஒரு மௌனம் வந்தால் உடனே விளம்பரம் போட்டுவிடுவார்கள்! அந்த மௌனத்தில்தான் பார்க்கிறவன் தன்னையே கேட்டுக்கொள்ள ஆரம்பிக்கிறான்.

பி.பி.சி.யில் 1981-ல் வந்த பேட்டி வேறு மாதிரி. கேட்டவர் பெர்னார்ட் லெவின். லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கூர்மையான பத்தி எழுத்தாளர். எதையும் லேசில் விடாதவர். பிராக்வுட் பார்க்கில் வைத்து நடந்தது. மனிதன் துன்பத்திலிருந்து விடுபட முடியும் என்றால் அதற்கு வழி என்ன, முறை என்ன என்பதுதான் லெவின் சுற்றிச் சுற்றி வந்த இடம். முறை என்று ஒன்றைக் கையில் கொடுத்த உடனேயே மனது அதற்கு அடிமையாகிவிடும் என்பது ஜே.கே.யின் நிலை. ஒருவர் விடாமல் கேட்க, மற்றவர் விடாமல் விலக்க, இருவருமே குரலை உயர்த்தவில்லை. கருத்து ஒத்துப்போகாமலேயே மரியாதையாகப் பேசமுடியும் என்பதற்கு அது நல்ல பாடம்.

இயற்பியல் அறிஞர் டேவிட் போம் அவருக்கு நெடுங்கால நண்பர். இருவரும் 1980-ல் காலத்தைப் பற்றியும் சிந்தனையைப் பற்றியும் தொடராகப் பேசினார்கள். 1983-ல் மனிதகுலத்தின் எதிர்காலம் பற்றிய இரண்டு உரையாடல்கள் வீடியோவில் பதிவாயின. அதே ஆண்டு போலியோ தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சால்க், அடுத்த ஆண்டு ஆங்கில நாவலாசிரியை ஐரிஸ் மர்டாக் ஆகியோரும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 1984-ல் அணுகுண்டு பிறந்த லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானிகளிடம் பேசினார். 1985 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்தில் அமைதியைப் பற்றிப் பேசினார். நாடு, இனம், மதம் என்று மனிதன் தன்னைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கும்வரை சண்டை ஓயாது என்பதை நாடுகளின் சபைக்கே போய்ச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். மெட்ரிகுலேஷன் தேறாத மனிதர் ஒருவர். எதிரே உட்கார்ந்தவர்களோ பேராசிரியர், விஞ்ஞானி, பத்திரிகையாளர், நாவலாசிரியை. படிப்பில் அவர்களுக்கு இவர் சமமில்லை. ஆனாலும் பேச்சில் ஓர் இடத்திலும் கூச்சம் தெரியாது, பகட்டும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. நம் மாதிரி கிராமப்புறக் கல்லூரியிலிருந்து போய் இண்டர்வியூவில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் இங்கிலீஷைக் கேட்டே நாக்கு உலர்ந்து போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

குறையும் உண்டு

வாழ்க்கை வரலாறு என்றால் நல்லதை மட்டும் எழுதுவது முறையல்ல. ஜே.கே. கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. சில சமயம் எதிரே இருப்பவரைப் பேச விடாமல் தானே முன்னே போய்விடுவார். ஆண்டர்சனுடனான பதிவுகளிலேயே அதைப் பார்க்கலாம். யாரும் பின்பற்ற வேண்டாம் என்று சொன்னவரைச் சுற்றியே பக்தர் கூட்டம் சேர்ந்தது. பல ஆண்டுகள் அவருடைய பதிப்பு வேலைகளையும் பணக் கணக்கையும் பார்த்துக்கொண்டவர் ராஜகோபால். அந்த உறவு கசந்து கோர்ட் வரை போய் 1974-ல்தான் சமரசம் ஆனது. ராஜகோபாலின் மனைவி ரோசலிண்டோடு ஜே.கே.க்கு நெடுங்காலம் நெருக்கமான தொடர்பு இருந்ததை, அந்தத் தம்பதியின் மகளே 1991-ல் எழுதிய புத்தகத்தில் வெளியிட்டார். படித்த பலருக்கு அதிர்ச்சி. மனதில் ஒளிவு மறைவு இல்லாமல் பார்க்கவேண்டும் என்று பேசியவரின் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய மறைவு இருந்ததே என்று வருந்தியவர்கள் பலர்.

எனக்கும் அது நெருடலாகத்தான் இருந்தது. அப்புறம் ஒன்று தோன்றியது. சொன்னவர் யார் என்பதை வைத்து ஒரு வார்த்தையை ஏற்காதே, நீயே சோதித்துப் பார் என்பதுதான் அவர் அறுபது வருஷம் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தச் சோதனையை அவர்மேலும் வைக்க நமக்கு உரிமை உண்டு. வைக்கத்தான் வேண்டும். அவரைத் தெய்வமாக்கினாலும் தப்பு, தூக்கி எறிந்தாலும் தப்பு என்றே நினைக்கிறேன்.

மீண்டும் அதே கடற்கரை

பிரம்ம ஞான சபை வளாகத்துக்குள் ஜே.கே. சுமார் அரை நூற்றாண்டு காலடி வைக்கவில்லை. 1980-ல் சபைத் தலைவி ராதா பர்னியர் அழைத்ததும் போனார். அதன் பிறகு சென்னையில் தங்கும்போதெல்லாம் சாயங்காலம் அடையாறு கடற்கரையில் நடப்பார்.

சென்னையில் அவர் தங்குவது பசுமைவழிச் சாலை வசந்த விஹாரில். மார்கழி, தை மாதங்களில் அங்கே மரத்தடியில் கூட்டம் நடக்கும். 1986 ஜனவரி 4 அன்று நடந்ததுதான் அவருடைய கடைசிப் பொதுக்கூட்டம். உடம்பு மெலிந்து போயிருந்தது. கணையத்தில் புற்றுநோய். அந்த வாரமே அமெரிக்கா திரும்பினார். புறப்படும் முன் கடைசியாக ஒரு முறை அடையாறு கடற்கரைக்குப் போய் நடந்தார். 1909-ல் அழுக்குச் சட்டையோடு நின்ற மக்குப் பையனை ஒருவர் பார்த்த அதே இடம். பிப்ரவரி 17 அன்று ஓஹாயில் காலமானார். வயது 90. தனக்கு வாரிசு என்று யாரும் இல்லை, தன் பெயரால் யாரும் விளக்கம் சொல்லவேண்டாம் என்பதை முன்னாலேயே தெளிவாகச் சொல்லி வைத்திருந்தார். மேடை கிடைக்கவில்லை என்று வருந்தாமல், வாரிசை நியமிக்காமல், சடங்கு வேண்டாம் என்று சொல்லிப் போனார்.

நமக்கு உத்திரமேரூர் பக்கம். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறை கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசி ஊர்க்காரியம் பார்த்த மண் இது. கூடிப் பேசுவது நமக்குப் புதிது இல்லை. கேட்பதைத்தான் கொஞ்சம் மறந்திருக்கிறோம்.

சங்கக் கூட்டத்துக்கு வரும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களைப் போன்ற பழைய ஆட்கள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டோம். நீங்கள் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டு உட்காராதீர்கள். கேள்வி கேளுங்கள். நாங்கள் சொன்ன பதில் சரியில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள். வகுப்பில் உங்களை யாராவது மக்கு என்று சொல்லியிருந்தால் அதை மனதில் போட்டு மறுகாதீர்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பையனையும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் பேசிய பதிவுகள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆண்டர்சனோடு பேசியதில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் புரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நிறுத்தாமல் பாருங்கள். அடுத்த ஆண்டு சந்திக்கும்போது என்ன பட்டது என்று எனக்குச் சொல்லுங்கள்.